தெருமுனை பேகல் கடையை எடைபோடுவது

நியூயார்க்கில் வீடு தேடுகிறவர்கள் சப்வே எத்தனை நிமிட நடை, பள்ளிக்கூடம் எப்படி, இந்திய மளிகைக் கடை எங்கே என்றெல்லாம் விசாரிப்பார்கள். பேகல் கடையை யாரும் விசாரிப்பதில்லை. குடிபோன பிறகு எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஒன்றை வாங்கித் தின்றுபார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்கிறார்கள். அவசரமான காலைகளில் பாதிக்கு அந்தக் கடையை நம்பித்தான் இருக்கப்போகிறீர்கள். அதனால் கொஞ்சம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

"நகரத்தின் தலைசிறந்த பத்து பேகல்கள்" என்கிற மாதிரிப் பட்டியல் எதுவும் இந்த அத்தியாயத்தில் இல்லை. அடுப்பிலிருந்து இறங்கிய பேகல் நான்கைந்து மணி நேரம்தான் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு மேல்தோல் தளர்ந்து, உள்ளே ரப்பராகத் தொடங்கிவிடும். மன்ஹாட்டனில் பேர்போன கடையில் வரிசையில் நின்று ஒரு டஜன் வாங்கி, ஏழாம் எண் ரயிலில் ஃப்ளஷிங் வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தால், பைக்குள்ளேயே ஆவி வேர்த்து, வீடு சேரும்போது அது வேறு பண்டமாகியிருக்கும். இரண்டு தெரு தள்ளி, நாள் முழுக்கச் சுட்டுக்கொண்டே இருக்கிற சுமாரான கடை அதை எளிதாக ஜெயித்துவிடும். பேகலைப் பொறுத்தவரை தூரமும் தரத்தில் சேர்த்தி. ஒரே நிபந்தனை, அந்தச் சுமாரான கடை விற்பது பேகலாக இருக்க வேண்டும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கொப்பரையும் குளிர்அறையும்

பேகலுக்குள் போகும் சாமான்கள் குறைவு. புரதம் அதிகமுள்ள, ஏறக்குறைய 14 சதவீதத்தைத் தொடும் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், பார்லி மால்ட். தண்ணீர் மிகவும் கம்மி. சாதாரண ரொட்டிக்கு 100 கிராம் மாவுக்கு 65 கிராம் தண்ணீர் சர்வசாதாரணம் என்றால், இங்கே ஐம்பதுகளிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த முரட்டு மாவை வளையமாக உருட்டிப் பலகையில் அடுக்கி ஓர் இரவாவது குளிர்அறையில் வைப்பார்கள். ஈஸ்ட் மெதுவாக வேலை செய்ய, சுவை ஊறும். மறுநாள் மால்ட் கரைத்த கொதிநீரில் போட்டு, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை புரட்டி எடுப்பார்கள். மேற்பரப்பில் உள்ள மாவுச்சத்து அந்தக் கொதியில் வெந்து பசையாகி ஒரு தோலாக மூடிக்கொள்ளும். அதனால் அடுப்புக்குள் போனதும் கண்டபடி உப்ப முடியாது. பளபளப்பும், பல்லுக்கு எதிர்த்து நிற்கிற மெல்லும் தன்மையும் வருவது இதனால்தான். பிறகு ஈரச் சணல்துணி சுற்றிய பலகையில் கவிழ்த்து அடுப்புக்குள் அனுப்பி, சில நிமிடத்தில் சூடான தளத்தின் மேல் புரட்டிவிடுவார்கள்.

ஆக, ஒரு கடை காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் கைவைக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, குளிர்அறையில் காத்திருக்கும் நேரம். மற்றது, கொதிக்கும் கொப்பரை. சங்கிலித்தொடர் கடைகளில் பல, கொப்பரையைத் தூக்கிவிட்டு, நீராவி பாய்ச்சும் அடுப்பில் நேரே வைத்துவிடுகின்றன. ஆள்கூலி குறையும், நேரம் குறையும். வருவது வட்டமான, மிருதுவான, மத்தியில் ஓட்டையுள்ள ஒரு பன். அது சாப்பிடவே லாயக்கில்லை என்று சொல்லமாட்டேன். பேகல் விலைக்கு அதை வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருந்தால் அளவு விஷயம் புரியும். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் கொண்டுவந்த இந்த ரொட்டியை, நியூயார்க்கில் 1960கள் வரை லோக்கல் 338 என்கிற தொழிற்சங்கத்தைச் சேர்ந்த சுமார் 300 பேர்தான் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். வேலை பெரும்பாலும் அப்பனுக்குப் பின் மகன். நிலவறை அடுப்பறைகளில் நால்வர் அணி: இருவர் மாவை உருட்ட, ஒருவர் கொப்பரையில், ஒருவர் அடுப்பில். 1951 டிசம்பரில் அவர்களோடு வந்த தகராறில் நகரமே பேகல் பஞ்சத்தில் தவித்தது. டேனியல் தாம்சன் கண்டுபிடித்த உருட்டும் இயந்திரத்தை 1963இல் நியூ ஹேவனில் லெண்டர்ஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்ததோடு அந்த ஆதிக்கம் ஆட்டம் கண்டது. கைக்குப் பணிந்த முரட்டு மாவு இயந்திரத்துக்குச் சரிப்படாது. மாவை இளக்க வேண்டியிருந்தது. இளகிய மாவு அதிகம் உப்பும். இன்று பெரும்பாலான கடைகளில் ஒரு பேகல் நான்கைந்து அவுன்ஸ், சில கடைகளில் அதற்கும் மேல். அந்தக் காலத்தில் அதில் பாதிதான் இருந்தது. பெரிசாக இருப்பதை மதிப்பு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் காற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

எந்த நேரத்தில் போவது

ஞாயிற்றுக்கிழமை காலை வரிசையைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஞாயிறு பத்து மணிக்கு நியூயார்க்கில் எல்லாப் பேகல் கடையிலும் வரிசை இருக்கும். செவ்வாயோ புதனோ, பதினொரு மணிக்கு மேல் ஒரு முறை, மத்தியானம் இரண்டு மணிவாக்கில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கவுண்ட்டருக்குப் பின்னால் உள்ள கம்பிக் கூடைகள்தான் கணக்குப் புத்தகம். மத்தியானத்தில் இருபது வகையும் கூடை நிறையக் குவிந்திருந்தால், அதெல்லாம் விடியற்காலையில் ஒரே மூச்சில் சுட்டது. நாலைந்து கூடை காலி, இரண்டு பாதி, எள் கூடையில் மட்டும் யாரோ உள்ளிருந்து பலகையைக் கொண்டுவந்து கொட்டுகிறார் என்றால், அந்தக் கடையில் வியாபாரத்துக்கு ஏற்ப அடுப்பு ஓடுகிறது. "இப்போது எது சூடாக இருக்கிறது?" என்று கேளுங்கள். நல்ல கடையில் நிமிராமலே பதில் வரும். "எல்லாமே ஃப்ரெஷ்" என்பது பதில் அல்ல.

ஜன்னலில் ஒட்டியிருக்கும் A, B, C எழுத்து நகரச் சுகாதாரத் துறை 2010 முதல் கொடுப்பது. சோதனை நாளில் சுத்தம் எப்படி இருந்தது என்பதை மட்டும் அது சொல்லும். கிரீம் சீஸ் வகை எத்தனை என்று எண்ணுவதும் வீண். முப்பது வகைத் தடவல் வைத்திருக்கிற கடைக்காரர் ரொட்டியில் கவனம் வைத்திருப்பார் என்று எனக்கு நம்பிக்கை வருவதில்லை. இது என் பாரபட்சமாகவும் இருக்கலாம். புளூபெரி பேகலைப் பற்றி இந்த நூலில் எதுவும் கிடையாது.

கடைக்காரர் யார் என்பதும் அளவுகோல் அல்ல. அப்பர் வெஸ்ட் சைடில் பிராட்வேயில் இருந்த ஆப்சொல்யூட் பேகல்ஸ், தாய்லாந்திலிருந்து வந்த ஒருவர் நடத்தியது. 2024 டிசம்பரில் மூடப்படும் வரை பேகலோடு தாய்லாந்து ஐஸ் டீயும் விற்ற கடை. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அதன் வாசலில் நின்றார்கள். புரூக்ளினில் 1920இல் தொடங்கிய கோனி ஐலண்ட் பயாலிஸ் கடையை 2011இல் எடுத்து நடத்தியவர்கள் முஸ்லிம்கள்; யூத உணவு விதியான கோஷரை விடாமல் காத்தார்கள். கைப்பழக்கம் எந்த மதத்துக்கும் சொந்தமில்லை.

ஒரே ஒரு பிளெயின்

புது ஊரில் ஓட்டலைச் சோதிக்கிறவர் வெறும் இட்லியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பாரே, அதேபோல இங்கே பிளெயின் பேகல் ஒன்று வாங்க வேண்டும். வெட்ட வேண்டாம், டோஸ்ட் வேண்டாம், எதுவும் தடவ வேண்டாம். பூண்டும் வெங்காயமும் எள்ளும் கசகசாவும் ஒட்டிய 'எவ்ரிதிங்' வகை எந்தக் குறையையும் மறைத்துவிடும். சோதனைக்கு அது ஆகாது. பிளெயின் உங்களுக்குச் சப்பென்று இருக்குமென்றால் எள் போட்டது வாங்கலாம், அதுவரைதான் சலுகை.

முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மேல்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். அடியில் கம்பிவலைத் தழும்போ சின்னச்சின்னப் புள்ளிக் குழிகளோ இருந்தால், அது தட்டில் அடுக்கி நீராவி அடுப்பில் வைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அடி ஓரளவு சமமாக, ஆங்காங்கே நன்றாகச் சிவந்து, எள் பேகலானால் இரண்டு பக்கமும் எள் ஒட்டியிருந்தால், பலகையும் அடுப்புத் தளமும் பார்த்து வந்த சரக்கு.

அடுத்தது தோல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மங்கலான பளபளப்பு தெரிய வேண்டும். தோலில் கடுகளவு கொப்புளங்கள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். குளிர்அறையில் இரவெல்லாம் கிடந்ததற்கு அதுதான் சாட்சி. அவசரமாகப் பொங்கவைத்த மாவில் அப்படி வருவது அரிது. நிறம் வெளிறிய மஞ்சளில் நின்றிருந்தால் அடுப்பிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் நன்றாகச் சிவந்ததாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவது இந்த ஊரில் வழக்கம்தான், தயங்க வேண்டாம்.

இரு விரலால் அழுத்தினால் எதிர்ப்பு இருக்க வேண்டும். பஞ்சு மாதிரி உள்ளே போய் அப்படியே நின்றால் அங்கேயே கதை முடிந்தது. நடு ஓட்டை மூடிப்போய்த் தொப்புளாகத் தெரிந்தால் அதிகம் உப்பவிட்டிருக்கிறார்கள், அல்லது மாவை அதிகம் போட்டிருக்கிறார்கள். இதை மட்டும் வைத்துக் கடையைத் தள்ளிவிட வேண்டாம். நல்ல கடைகளிலும் ஓட்டை சிறுத்துவிட்டது.

பிறகு கத்தி இல்லாமல் கையால் பிய்த்துத் தின்னுங்கள். தோல் மெல்லிய சத்தத்தோடு கிழிந்து, உள்ளே நெருக்கமான கண்ணறைகளோடு இழுபட்டு வர வேண்டும். மால்ட்டின் மெல்லிய இனிப்பு வாசம் வரும், வாயில் அது சர்க்கரைத் தித்திப்பாக நிற்கக் கூடாது. தாடைக்கு வேலை இருக்க வேண்டும். இரண்டாவது கடியிலேயே தாடை வலித்தால் அது பழையது. பாதி தின்றபோது கிரீம் சீஸ் இல்லையே என்ற ஏக்கம் வரவில்லையென்றால் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க் தண்ணீரால்தான் பேகல் அப்படி வருகிறது என்று கடைக்காரரே சொல்லுவார். மலைப்பகுதியிலிருந்து வரும் மென்னீர் என்பது உண்மை. மாவில் அதனால் சிறு வித்தியாசம் வரலாம். குளிர்அறையும் கொப்பரையும் இல்லாத கடையை அந்தத் தண்ணீர் காப்பாற்றாது.

இதே அளவுகோலை எடுத்துக்கொண்டு மான்ட்ரியால் போகாதீர்கள். அங்கே பேகல் சிறியது, ஓட்டை பெரியது, தேன் கலந்த கொதிநீரில் புரட்டி விறகடுப்பில் சுடுவது. மாவில் உப்பு கிடையாது, தித்திப்பு தூக்கலாக இருக்கும். செயின்ட் வியாட்டர், ஃபேர்மவுன்ட் இரண்டு கடைக்கும் தனித்தனி அணிகள் உண்டு. அங்கே அடுப்பிலிருந்து வந்த எள் பேகலை வாங்கி, தெருவிலேயே நின்று எதுவும் தடவாமல் தின்பதுதான் சோதனை. டொரன்டோவிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் திரும்பும் வழிக்கும் ஒரு டஜன் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம், ஆனால் அன்றே தின்றுவிடுங்கள்.

டோஸ்ட் பண்ணட்டுமா?

கேட்பது தவறில்லை. கேட்காமலே டோஸ்டரில் தள்ளுகிற கடை தன் சரக்கின் வயதை ஒப்புக்கொள்கிறது. பேகல் கையில் சுடுகிறபோது டோஸ்ட் போட்டால் தோல் ஓடாகி, உள்ளே இருக்கும் ஈரமும் போய்விடும். காலையில் சுட்டதை மூன்று மணிக்கு வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடச் சொல்லுங்கள். அதைத் தப்பு என்கிற தூய்மைவாதிகள் வேலைக்குப் போகாதவர்களாக இருக்க வேண்டும்.

கவுண்ட்டரில் பேச்சு சுருக்கமாக இருக்கும். எந்தப் பேகல், டோஸ்ட் உண்டா இல்லையா, என்ன தடவ வேண்டும், பார்சலா என்பதை அந்த வரிசையிலேயே சொல்லிவிடுங்கள். எதிரே இருப்பவர் சிரிக்கவில்லை, "அடுத்தது!" என்று கத்துகிறார் என்பதற்காகக் கடையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். கிரீம் சீஸ் "கொஞ்சமாக" என்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு விரல் உயரத்துக்கு அப்புவார்கள். அதைத் தாராளம் என்று நினைக்கிறார்கள். பாதி காகிதத்தில் வழித்துப் போட வேண்டிவரும்.

விலைக் கணக்கு

இன்றைய நிலவரத்தில் பெரும்பாலான தெருமுனைக் கடைகளில் வெறும் பேகல் ஒன்று ஒன்றரை டாலரிலிருந்து இரண்டு டாலருக்குள். கிரீம் சீஸ் தடவினால் நாலைந்து டாலர் ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் கடையின் லாபம் இருக்கிறது, உங்கள் சேமிப்பும் இருக்கிறது. நியூயார்க் மாநில வரிச் சட்டத்தில் வேடிக்கையான ஒரு நுணுக்கம் உண்டு. முழுப் பேகலை வெட்டாமல் பார்சல் வாங்கினால் விற்பனை வரி கிடையாது. கடைக்காரர் கத்தியால் இரண்டாக வெட்டிக் கொடுத்தாலோ, டோஸ்ட் போட்டாலோ, எதையாவது தடவினாலோ அது சமைத்த உணவாகிவிடும்; நகரத்தில் 8.875 சதவீதம் வரி. வீட்டில் கத்தி இருக்கிறது.

உதாரணத்துக்கு நால்வர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். தடவிய பேகல் நான்கு, தலா 4.75 என்றால் 19 டாலர். வரியோடு இருபதைத் தாண்டிவிடும். தலா 1.75க்கு வெட்டாத பேகல் ஆறு வாங்கினால் பத்தரை டாலர். அரை பவுண்டு கிரீம் சீஸ் டப்பா ஒன்று ஆறேழு டாலர். மொத்தம் பதினேழரைக்குள் முடிந்து, பேகல் இரண்டும் டப்பாவில் பாதியும் மிஞ்சும். டஜன் வாங்கினால் பதின்மூன்றாகத் தருவது பழைய மரபு. பல கடைகள் இன்னும் காப்பாற்றுகின்றன, சில பதினான்கும் தரும். தராத கடையில் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

சால்மன் மீன் வைத்த சாண்ட்விச் பதினைந்து டாலருக்கு மேல் போகும். அங்கே நீங்கள் காசு கொடுப்பது மீனுக்கு. பலகையில் 'லாக்ஸ்' என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் வருவது நோவா, அதாவது குளிர்ப்புகை காட்டிய சால்மன். அசல் லாக்ஸ் வயிற்றுப்பகுதி மீனை உப்புநீரில் ஊறவைத்தது, புகை கிடையாது, உப்பு கரிக்கும். உறைக்குள் அடைத்து வந்த துண்டுகளைப் பிரித்து வைக்கிற தெருமுனைக் கடையில் அந்த விலை கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. மீனைக் கையால் காகிதம்போல் சீவித் தரும் ரஸ் அண்ட் டாட்டர்ஸ் (1914), பார்னி கிரீன்கிராஸ் (1908) மாதிரிக் கடைகளில் அதைச் செலவழியுங்கள், தெருமுனைக் கடைக்கு ரொட்டியை மட்டும் விட்டுவிடுங்கள்.

சைவக்காரர்களுக்கு

முட்டை சாப்பிடாதவர்கள் மஞ்சளாக இருக்கிற எக் பேகலைத் தவிர்த்தால் மட்டும் போதாது. மற்ற வகைகளில் மேலே முட்டை பூசுகிறார்களா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். முட்டையும் பன்றிக்கறியும் சீஸும் வைத்த சாண்ட்விச் காலையில் எக்கச்சக்கமாக விற்கிற கடைகளில், எல்லாம் ஒரே தட்டையான கல்லில்தான் வேகும். அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. கோஷர் சான்றிதழ் மாட்டியிருக்கும் பால்வகைக் கடைகளைத் தேடுங்கள். பாலும் இறைச்சியும் சேரக் கூடாது என்பது யூத விதி. ஆகவே அந்தச் சமையலறைக்குள் எந்த இறைச்சியும் நுழையாது. மீனும் முட்டையும் இருக்கும், அவற்றுக்கு வேறு கத்தி கேட்டுக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கடைகள் பல வெள்ளி மாலையிலிருந்து சனி மாலைவரை மூடியிருக்கும். வசந்தகாலத்தில் வரும் பாஸ்ஓவர் பண்டிகையின் எட்டு நாளும் பேகல் கிடைக்காது.

வெங்காயம், பூண்டு ஆகாதவர்கள் கூடைகளைக் கவனியுங்கள். பிளெயின் கூடைக்கு மேலே எவ்ரிதிங் கூடை இருந்தால், கொட்டுவதெல்லாம் கீழே சேரும். வாசனை வகைகளை ஒதுக்கி வைக்கிற கடை, விரதமில்லாதவருக்கும் நல்ல கடை. பூண்டு வாடையடிக்கும் பிளெயின் பேகலை யார் விரும்புவார்?

மிஞ்சியது

காகிதப் பையில் வாங்குங்கள். சூட்டோடு பிளாஸ்டிக்கில் கட்டினால் பத்தே நிமிடத்தில் தோல் ஊறிவிடும். அன்று மாலைக்குள் தின்னமாட்டோம் என்று தெரிந்தால், ஆறியதும் இரண்டாக வெட்டி, காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். வேண்டும்போது உறைந்தபடியே டோஸ்டரில் போடலாம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். மாவுச்சத்து இறுகி ரொட்டி பழசாவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும், மேசைமேல் வைப்பதே தேவலை. சாயங்காலம் மூடும் நேரத்தில் சில கடைகள் அன்றைய மிச்சத்தைப் பையாகக் கட்டிப் பாதி விலைக்குத் தள்ளும். ஃப்ரீசருக்கு என்றே வாங்குவதானால் அது நல்ல பேரம்; பையில் எவ்ரிதிங் கலந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது பெட்டியில் பேகல் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. துபாய், அபுதாபி வழியாகப் பறப்பவர்கள் கசகசா பேகலையும் எவ்ரிதிங் பேகலையும், புட்டியில் விற்கும் எவ்ரிதிங் தூவலையும் தொடவே வேண்டாம். கருநீலமோ வெள்ளையோ, கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் சட்டத்தில் வருகிற சரக்கு; சிங்கப்பூரிலும் தடை உண்டு. எள் பேகலாக வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் கசகசா கூடைக்குப் பக்கத்திலிருந்து எடுக்க விடாதீர்கள்.